சபையின் முதற்படி

(வலிகாமத்துக் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



கொழும்பு அரசியலைப் பேசுவதற்கு நம்மிடம் மேடைகள் பல உண்டு. நம் ஊர்ப் பிரதேச சபையின் வாசற்படியைப் பற்றிப் பேசுவதற்குத்தான் மேடை இல்லை. ஆகையால் இன்று அந்தப் படியைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

நம் முதியோர் இன்றும் "கிராமச் சங்கம்" என்றே சொல்லுகின்றனர். அச்சங்கங்கள் 1981இல் மறைந்தன. இன்றுள்ள சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் பிள்ளைகள். அச்சட்டம் சபையின் தலைமேல் ஏற்றிவைத்த சுமை யாது? பொதுச் சுகாதாரத்தையும், பொதுப் பயன்பாட்டுச் சேவைகளையும், பொது வீதிகளையும் நிருவகிக்க வேண்டும். தன் எல்லைக்குள் வாழும் மக்களின் சௌகரியத்தையும் வசதியையும் நலனையும் பேணி வளர்க்க வேண்டும். "மக்கள்" என்று சொல்லிச் சட்டம் நிறுத்திக்கொண்டது. படியேறக்கூடிய மக்கள் என்றோ, கண் தெரிந்த மக்கள் என்றோ அது பிரித்துச் சொல்லவில்லை. பிரித்து வைத்தவை நம் கட்டடங்களே.

படியேற முடியாதவர் யார்? போரிலே காலிழந்தவர் நம்மிடையே ஊருக்கு ஊர் இருக்கின்றனர். பனையால் விழுந்து முள்ளந்தண்டு முறிந்தவர் இருக்கின்றனர். நீரிழிவினால் பாதத்தைப் பறிகொடுத்தவர் இருக்கின்றனர். முழங்கால் தேய்ந்த மூதாட்டியும், நிறைமாதக் கர்ப்பிணியும், கைக்குழந்தையோடு வரும் தாயும் இந்தக் கணக்கிலே சேர்ந்தவர்களே. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலிய செயல்களில் ஏதேனும் இடர்ப்பாடு உடையோர் இலங்கையில் ஏறத்தாழ 16 இலட்சம் பேர். இன்று அந்தக் கணக்கில் இல்லாத நீங்களும் நானும் நாளை முதுமையிலே அதிற் சேரப்போகிறவர்கள்தாம்.

இவர்களுக்கு வழிவிடுவது தருமம் என்று சிலர் நினைக்கின்றனர். தருமமாயின் கொடுப்பவன் மனம்போலக் கொடுக்கலாம், கொடாமலும் விடலாம். சட்டத்தை அறிந்தவன் என்ற முறையில் சொல்லுகிறேன்: இது கடமை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பொதுமக்கள் சென்று பயன்படுத்தும் எந்தக் கட்டடத்துக்கும் இடத்துக்கும் செல்வதில், ஒருவரின் அங்கக் குறைபாட்டைக் காரணங்காட்டி அவருக்குத் தடையோ நிபந்தனையோ விதிக்கலாகாது என்கிறது. பொதுக் கட்டடங்கள் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு 2006இல் ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளிவந்தன. சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். புதிதாக எழும் பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளுக்கு அமைய வேண்டும் என்று 2009 ஏப்ரலில் அம்மன்று கட்டளையிட்டது. அவர் தென்னிலங்கையர், ஆனால் அவர் பெற்ற தீர்ப்பு வடக்கிலும் கிழக்கிலும் உள்ள ஒவ்வொரு வாசலுக்கும் பொருந்தும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது.

சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது, சமவாயம் இருக்கிறது. படியும் அப்படியே இருக்கிறது!

இதைச் சபைகளில் எடுத்துச் சொன்னால் ஒரு கேள்வி வரும்: "அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் இங்கே வருகிறார்கள்?" கேணிக்குச் சுற்றிவர வேலியடைத்துவிட்டு, இங்கே தண்ணீர் அள்ள ஒருவரும் வருவதில்லையே என்பது போன்றது இக்கேள்வி. அவர்கள் வராததற்குக் காரணம் தேவையில்லாமை அன்று, அந்தப் படிதான். சோலைவரி கட்டவும், மதிற்கட்டுக்கு அனுமதி கேட்கவும், தெருவிளக்கு எரியவில்லை என்று முறையிடவும் அவர்கள் இன்னொருவரைப் பிடித்தனுப்புகின்றனர். தன் சபைக்குத் தூதனுப்பி வாழ்பவன் அச்சபையின் குடிமகன் ஆவது எப்படி?

ஆகவே, சபை செய்யக்கூடியவற்றைச் சொல்லுகிறேன்.

முதலாவது, சபையின் சொந்த வாசல். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு என்பது உலகெங்கும் கைக்கொள்ளும் கணக்கு. ஒன்றரை அடித் திண்ணைக்குப் பதினெட்டு அடிச் சரிவும் இருபுறமும் கைபிடியும் வேண்டும். இக்கணக்கை மறந்து, படத்துக்காகச் செங்குத்தாகக் கட்டும் சரிவு ஆளைக் கவிழ்க்கும். அது படியிலும் கேடு. வாசலுக்கு ஏறத்தாழ மூன்றடி அகலம் வேண்டும். மேல்மாடிக் கந்தோருக்கு ஏற இயலாதவரைத் தேடி உத்தியோகத்தர் கீழே இறங்கிவர வேண்டும். மாதத்தில் ஒரு நாள், அறிவித்த நாளில், சபை தானே வட்டாரத்துக்கு வந்து வரி வாங்கி மனுவும் ஏற்கலாம். விண்ணப்பப் படிவங்கள் எளிய தமிழிலே, பெரிய எழுத்திலே இருக்கட்டும். சட்டத்தரணியாகிய நானே இருமுறை படித்தால்தான் விளங்கும் படிவத்தைத் தோட்டத்திலிருந்து வரும் மனிதர் எப்படி நிரப்புவார்?

இரண்டாவது, வீதியும் சந்தையும். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்கும் உரியவை. உங்கள் ஒழுங்கையோ பெரும்பாலும் பிரதேச சபையின் பொறுப்பு. மூடியில்லாத வாய்க்கால், உடைந்த மதகு, விளக்கில்லாத முடக்கு இவை கண் தெரியாதவரை மட்டும் வீழ்த்துவதில்லை. விடியுமுன் சந்தைக்கு வெங்காயம் ஏற்றிச் செல்லும் கமக்காரரையும் வீழ்த்துகின்றன. சக்கர நாற்காலி தடையின்றி உருளும் ஒழுங்கையிலே லான்ட்மாஸ்ரரும் தடையின்றி உருளும். சந்தையில் வழுக்காத நிலமும், பெண்களுக்குத் தாழ்ப்பாளுள்ள கழிப்பிடமும், முதியவர் அமர ஒரு வாங்கும் இருந்தால் விற்பவரும் வாங்குபவரும் ஒருங்கே பயன்பெறுவர். நூலகத்தின் வாசிப்பறை கீழ்த்தளத்திலே இருக்கட்டும்.

மூன்றாவது, ஒரு சதமும் செலவில்லாத காரியம். சபையின் எல்லைக்குள் எழும் கடைத்தொகுதிக்கும், மண்டபத்துக்கும், தனியார் மருத்துவமனைக்கும் கட்டட அனுமதி கொடுப்பது சபை. வரைபடத்தை மேசையில் விரித்ததும், "சரிவுப்பாதை எங்கே?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். கட்டுவதற்கு முன் கேட்டால் அது பென்சிற்கோடு. கட்டிய பின் கேட்டால் இடிப்புவேலை.

"நிதி இல்லை" என்பார்கள். சபைகள் செல்வத்தில் மிதக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் சோலைவரியும், சந்தை வருமானமும், கடை வாடகையும், முத்திரைத் தீர்வைப் பங்கும் சபைக்கு உண்டு. சரிவுப்பாதைக்கு வேண்டியது சில மூடை சீமெந்தும் இரண்டு மேசன்மாரின் சில நாள் வேலையும். நாமும் நம் பக்கத்தைப் பார்க்க வேண்டும். சோலைவரியை ஆண்டுக்கணக்கில் நிலுவை வைத்துக்கொண்டு ஒழுங்கைக்கு விளக்குக் கேட்பவனின் குரல் எடுபடாது. வரியைக் கட்டிப் பற்றுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள், எடுபடும்.

சபை அமைக்கும் குழுக்களிலே உறுப்பினர் அல்லாத ஊரவரையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. சக்கர நாற்காலியில் வாழும் ஒருவரும், கண் தெரியாத ஒருவரும், ஒரு தாயும், ஒரு கமக்காரரும் இருக்கும் குழுவொன்றை ஒவ்வொரு சபையும் அமைக்கட்டும். இங்கே வீற்றிருக்கும் பொறியியலாளர்களும் படவரைஞர்களும் ஊதியம் கேளாமல் அக்குழுவுக்கு வரைபடம் வரைந்து கொடுக்க முன்வர வேண்டும். செருப்பு எங்கே கடிக்கிறது என்பது அணிந்தவனுக்கே தெரியும். அவனைக் கேளாமல் கட்டும் சரிவு, பூட்டிய கதவின் முன்னே போய் முடியும்.

2023 மார்ச் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நம் சபைகளிலே மக்கள் தெரிந்த உறுப்பினர் இருக்கவில்லை. செயலாளர்களே நிருவகித்தனர். 2025 மே 6ஆந் தேதி நடந்த தேர்தலோடு அந்த வெறுமை தீர்ந்தது. அத்தேர்தலிலே பல சபைகளில் எந்தக் கட்சிக்கும் தனிப்பெரும்பான்மை கிடைக்கவில்லை. அதைக் குறை என்று பலர் சொன்னார்கள். ஒரு சரிவுப்பாதைக்குக் கை உயர்த்தக் கட்சி எதற்கு? எல்லாக் கட்சியினரும் சேர்ந்து வாக்களிக்கத் தகுந்த காரியம் இதைவிட வேறொன்று உண்டா?

நம் இனத்துக்கு அதிகாரம் வேண்டும் என்று கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் கையிலிருக்கும் சிறு அதிகாரத்தால் நம்மில் வலுக்குறைந்தவனுக்கு ஒரு வாசலைத் திறந்துவிடாதவர்கள், பெரிய அதிகாரத்தால் என்ன செய்வார்கள் என்று உலகம் கேட்குமானால் நாம் என்ன விடை சொல்வோம்?

சபையின் வரவுசெலவுத் திட்டம் ஆண்டு முடியுமுன் நிறைவேற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களே கேட்பதற்குரிய காலம். உங்கள் வட்டார உறுப்பினரிடம் எழுத்திலே கேளுங்கள். "அணுகுவசதி" என்ற தலைப்பிலே ஒரு தொகை ஒதுக்கச் சொல்லுங்கள். விடை வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப்போடுங்கள். மனு எழுத வேண்டியவர்கள் என்னிடம் வாருங்கள். ஏற முடியாதவர்கள் சொல்லியனுப்புங்கள், நான் வருகிறேன்.