வடிவமும் எழுத்தும்



பழைய ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இராது. காலும் ரகரமும் ஒரே வடிவில் நிற்கும். எகர ஏகாரங்கள் வேறுபாடின்றி எழுதப்பெற்றிருக்கும். 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்றோர், வடிவத்தைக் கண்ட பின்னும் எழுத்து எதுவென்று ஆராய்ந்து துணிய வேண்டியிருந்தது. கண்ணுக்குத் தெரியும் வடிவம் வேறு. அதனால் குறிக்கப்பெறும் எழுத்து வேறு. இவ்வுண்மை கணினிக் கோப்புக்கும் பொருந்தும்.

1993இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட பி.டி.எஃப்., எக்கணினியிலும் பக்கத்தை ஒரே தோற்றத்தில் காட்டுவதற்கென அமைந்தது. ஆயினும் எழுத்துருவைக் கோப்பினுள் பொதியாமல் விட்டால் வேறொரு கணினியில் கவிதை சிதைந்துவிடும். இத்தகைய குறைகளை நீக்கவே, பயனுக்கேற்ற தரங்களை ஐ.எஸ்.ஓ. வகுத்தது. அச்சுப் பணிக்கு 2001இல் பி.டி.எஃப்/எக்ஸ் வந்தது, நெடுங்காலக் காப்புக்கு 2005இல் பி.டி.எஃப்/ஏ, பார்வையற்றோர் முதலியோரும் தடையின்றிப் படிப்பதற்கு 2012இல் பி.டி.எஃப்/யூஏ.

காப்புத் தரத்தின் விதிகள் கடுமையானவை. எழுத்துருக்கள் உள்ளேயே பொதிந்திருத்தல் வேண்டும். கடவுச்சொல் பூட்டு கூடாது. அதனுள்ளும் படிகள் உண்டு. 'பி' என்னும் படி தோற்றத்தை மட்டுமே காக்கும். 2011இல் வந்த இரண்டாம் பகுதி சேர்த்த 'யு' என்னும் படி, ஒவ்வொரு வடிவத்துக்கும் உரிய யூனிகோடு எழுத்தையும் குறிக்கச் சொல்கிறது. 'ஏ' என்னும் படி தலைப்பு, பத்தி முதலிய அமைப்பையும் காக்கும்.

இவ்வேறுபாடு தமிழுக்கு மிக இன்றியமையாதது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் உருவான கோப்பு கண்ணுக்கு அழகாகவே விளங்கும். தேடினால் ஒரு தமிழ்ச்சொல்லும் அகப்படாது. படியெடுத்தால் பொருளற்ற குறிகளே வரும். யூனிகோடு எழுத்துருவிலும் ஓர் இடர் உண்டு. 'கொ' என்பதில் கொம்பு முன்னும் கால் பின்னும் வரையப்படுகின்றன. வரைந்த வரிசையிலேயே எழுத்தை எடுத்தால் சொல் குலைந்துவிடும். 'யு' படியின் முத்திரை மட்டும் இதனை முற்றும் தடுப்பதில்லை.

ஆகவே, கவிதைத் தொகுப்பைக் கோப்பாக்குவோர் 'பி' படியோடு நின்றுவிடலாகாது. கோப்பிலிருந்து சில வரிகளைப் படியெடுத்து, எழுத்துக்கள் பிறழாமல் வருகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். மூல உரையையும் உடன் காத்தல் நன்று; 2012இல் வந்த மூன்றாம் பகுதி அதனைக் கோப்பினுள்ளேயே இணைத்துவைக்க இடந்தருகிறது.

ஏடுகள் விட்டுச்சென்ற ஐயங்களைத் தீர்ப்பதற்குப் பதிப்பாசிரியர்கள் தம் வாழ்நாளையே செலவிட்டனர். அச்சுமை அடுத்த தலைமுறையின் தோளில் மீண்டும் ஏறாதிருப்பது இன்று எழுதுவோர் கையில் உள்ளது.