கலவை நிலக்கரியின் எல்லை

கந்தகம் மிகுந்த நிலக்கரியோடு கந்தகம் குறைந்ததைக் கலந்து எரித்தே அனல்மின் நிலையங்கள் மாசு விதியை நிறைவேற்றலாம் என்றால், பாலில் தண்ணீர் கலக்கும் வேலைதானே என்று கேட்கத் தோன்றும். அமெரிக்க அனுபவம் வேறு விதமாகச் சொல்கிறது. அமில மழையைத் தடுக்க 1990இல் அங்கே தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தினார்கள். எந்தக் கருவியைப் பொருத்துவது என்பதை நிலையங்களின் விருப்பத்துக்கு விட்டு, ஆண்டுக்கு இத்தனை டன் கந்தக டைஆக்சைடு என்று ஒதுக்கீடு செய்து, புகைபோக்கியிலேயே அளவுமானி வைக்கச் சொன்னார்கள். எரிக்காத கந்தகம் எப்படியும் வெளியே வராது. ஆகவே இது ஏமாற்று வேலை அல்ல.

கணக்கைப் பார்ப்போம். இலினாய் மாநில நிலக்கரியில் கந்தகம் சுமார் 3 சதவீதம். வயோமிங் மாநிலத்தின் பவுடர் ஆற்றுப் படுகை நிலக்கரியில் அரை சதவீதம்கூட இராது; ஆனால் ஈரம் அதிகம், வெப்பம் குறைவு, கூடுதலாக எரிக்க வேண்டும். அதனால் எடையை விட்டு வெப்பத்தை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். 10 லட்சம் கிலோ கலோரி வெப்பத்துக்கு முன்னது ஏறத்தாழ 10 கிலோ கந்தக டைஆக்சைடு தரும். பின்னது ஒன்றரை கிலோ. 1995இல் தொடங்கிய முதல் கட்ட ஒதுக்கீட்டுக்கு அடிப்படை நான்கரை கிலோ. வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு வயோமிங் நிலக்கரியிலிருந்து வந்தால் போதும். 1980இல் ரயில்வே கட்டுப்பாடுகள் தளர்ந்து சரக்குக் கட்டணம் இறங்கியிருந்ததால், தொலைதூரச் சுரங்கத்து நிலக்கரியும் கட்டுப்படியானது.

ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று கூடுமே என்பது அடுத்த ஆட்சேபம். அதில் நியாயம் உண்டு. சாம்பலைப் பிடிக்கும் மின்னியல் வடிகட்டிக்குப் புகையில் கொஞ்சம் கந்தக டிரைஆக்சைடு வேண்டும்; அது படிந்தால்தான் சாம்பல் துகளின் மின்தடை குறையும். கந்தகம் குறைந்த நிலக்கரிக்கு மாறியதும் வடிகட்டிகள் திணறின. வேடிக்கை என்னவென்றால், சில நிலையங்கள் தனியே கந்தகத்தை எரித்து அந்த வாயுவைப் புகையில் செலுத்தின! செலுத்தியது மிகச் சிறிய அளவு என்பதால் கணக்கு கெடவில்லை.

உண்மையான தடை விதி இறுகும்போதுதான் வருகிறது. 2000இல் அடிப்படை சுமார் 2 கிலோவாக இறங்கியது. அதே இரண்டு நிலக்கரிகளைக் கொண்டு அதை எட்ட, வயோமிங் பங்கு வெப்பத்தில் 90 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். அதற்குமேல் கலப்பதற்கு என்ன இருக்கிறது? மிதமான விதிக்குக் கலவை மலிவான வழி. கடுமையான விதிக்குப் புகையிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் கருவிதான் வழி. பின்னாளில் பல நிலையங்கள் அதைப் பொருத்தின. பொருத்திய பிறகு, ஒதுக்கப்பட்ட இலினாய் வட்டாரத்து நிலக்கரிக்கே மறுபடி கிராக்கி ஏற்பட்டது.