ஒரே ஒரு முறை மட்டை பிடித்தவர்



அமெரிக்க பேஸ்பாலின் முதல்நிலைப் போட்டிகளில் வால்டர் ஆல்ஸ்டன் மட்டை பிடித்தது ஒரே ஒரு முறை. 1936 செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக இறங்கினார். பந்தை அடிக்க முடியாமல் வெளியேறினார். முதல்நிலை ஆட்டக்காரராக அவருடைய கணக்கு அத்துடன் முடிந்தது. அவரே 1954 முதல் 1976 வரை டாட்ஜர்ஸ் அணியின் மேலாளராக இருந்து 2,040 ஆட்டங்களை வென்றார். ஆண்டின் வாகையரைத் தீர்மானிக்கும் உலகத் தொடர் பட்டத்தை நான்கு முறை கொண்டுவந்தார். தோற்றவர் விடாமுயற்சியால் ஜெயித்த கதை என்று இதைச் சொல்லிவிடலாம். எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. ஒரு வேலையைத் தானே செய்வது ஒரு தொழில். அதைப் பிறர் நன்றாகச் செய்ய வழிசெய்வது வேறு தொழில். முதல் தொழிலில் எடுத்த மதிப்பெண்ணை வைத்து இரண்டாவதை யாருக்கும் உரிமையாக்கிவிட முடியாது. ஆல்ஸ்டனின் வாழ்க்கை எனக்குக் காட்டுவது இதைத்தான்.

பேஸ்பால் மேலாளரின் வேலை என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கிரிக்கெட்டில் அணித்தலைவர் களத்தில் நின்று எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவற்றை பேஸ்பாலில் எல்லைக்கோட்டுக்கு வெளியே இருக்கும் மேலாளர் எடுக்கிறார். யார் பந்து வீசுவது, எப்போது அவரை மாற்றுவது, யார் எங்கே நிற்பது எல்லாம் அவர் பொறுப்பு. 1955 அக்டோபர் 4 அன்று நியூயார்க்கில் உலகத் தொடரின் ஏழாவது, தீர்மானிக்கும் ஆட்டம் நடந்தது. அதற்கு முன் ஏழு முறை உலகத் தொடரில் ஆடி ஏழு முறையும் தோற்றிருந்த அணி புரூக்ளின் டாட்ஜர்ஸ். ஆறாவது இன்னிங்ஸில் இரண்டுக்கு பூஜ்யம் என்று முன்னிலையில் இருந்தபோது, இரண்டாம் பேஸில் ஆடிய ஜிம்மருக்குப் பதிலாக வேறொருவரை மட்டை பிடிக்க அனுப்பினார் ஆல்ஸ்டன். காலியான அந்த இடத்துக்கு இடதுபுற எல்லையில் நின்ற கில்லியமைக் கொண்டுவந்தார். கில்லியமின் இடத்துக்குக் கியூபாக்காரரான சாண்டி அமோரஸை அனுப்பினார். சில நிமிடங்களில் எதிரணியான யாங்கீஸின் இருவர் பேஸில் நிற்க, யோகி பெரா அடித்த பந்து இடதுபுறக் கோட்டை ஒட்டி உயர்ந்து விழ வந்தது. அமோரஸ் நெடுந்தூரம் ஓடிவந்து கையை நீட்டிப் பிடித்தார். அவர் இடக்கைக்காரர் என்பதால் கையுறை வலக்கையில் இருந்தது. கோட்டுப் பக்கம் இருந்ததும் அந்தக் கைதான். பந்து உடனே உள்ளே வீசப்பட, பெராவோடு, பேஸை விட்டு ஓடியிருந்த ஒருவரும் வெளியேறினார். புரூக்ளின் தன் முதல் உலகத் தொடர் பட்டத்தை வென்றது.

பந்து அங்கே வரும் என்று ஆல்ஸ்டன் முன்கூட்டி அறிந்திருக்க வழியில்லை. அதனால் இதை வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடலாமா? மூன்று பேரின் இடங்களை ஒரே சமயத்தில் மாற்றி, அணி எங்கேயும் பலவீனப்படாமல் பார்த்துக்கொண்டதே மேலாளரின் பங்கு. மிச்சத்தை அமோரஸின் கால்கள் பார்த்துக்கொண்டன. ஆட்டப் பதிவேட்டில் அந்தப் பிடி அமோரஸின் பெயரில் இருக்கிறது; ஆல்ஸ்டன் பெயருக்கு எதுவும் ஏறவில்லை. இன்று பட்டம் பெறும் நீங்கள் இதுவரை எழுதிய ஒவ்வொரு விடைத்தாளும் உங்கள் பதிவெண்ணில் இருந்தது. இனி உங்களில் பலர் பார்க்கப்போகும் நல்ல வேலை வேறொருவர் பெயரில் பதிவாகும். அதற்கு மனம் பழகுவது தேர்வில் முதலிடம் பெறுவதைவிடக் கடினம் என்று நினைக்கிறேன்.

இரண்டும் வேறு வேறு தொழில்கள் என்பதற்கு எதிராக ஜோ டோரியைக் காட்டுவார்கள். 1971-இல் தன் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வென்றவர், பிறகு யாங்கீஸ் மேலாளராக நான்கு உலகத் தொடர்களை வென்றார். நியாயமான எடுத்துக்காட்டுதான். ஆனால் அதற்கு முன் மூன்று அணிகள் அவரை மேலாளர் பதவியிலிருந்து நீக்கியிருந்தன. விருது பெற்ற கைக்கும் இரண்டாவது தொழிலைக் கற்க ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: சரியாக ஆடாமல் போனவர்கள் ஆயிரக்கணக்கானோர், அவர்களில் ஆல்ஸ்டன் ஆனவர் எத்தனை பேர்? மிகச் சிலரே. ஆகவே தோல்வி ஒரு தகுதி என்று நான் சொல்லவில்லை. 1940-இல் ஓஹயோவின் போர்ட்ஸ்மத்தில் சிறிய அணி ஒன்றின் மேலாளராகத் தொடங்கி, ஆட்டமில்லாத குளிர்காலங்களில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்து, மான்ட்ரியல் அணி வரை படிப்படியாக வந்த பதினான்கு ஆண்டுகளே அவருடைய தகுதி. டாட்ஜர்ஸில் அவருக்கு முன் இருந்த மேலாளர் பல ஆண்டு ஒப்பந்தம் கேட்டு மறுக்கப்பட்டு விலகினார். ஆல்ஸ்டனோ 23 முறையும் ஓராண்டு ஒப்பந்தத்திலேயே கையெழுத்திட்டார்.

ஆனால் உழைப்பை மட்டும் பேசி நிறுத்தினால் உண்மையில் பாதியை மறைத்ததாகும். 1946-இல் நியூ ஹாம்ப்ஷயரின் நாஷுவா அணிக்கு ஆல்ஸ்டன் மேலாளராக இருந்தபோது ராய் கம்பனெல்லா, டான் நியூகம்ப் என்ற இரு கறுப்பின ஆட்டக்காரர்கள் அங்கே ஆடினார்கள். நடுவர் ஆல்ஸ்டனை வெளியேற்றிய ஓர் ஆட்டத்தில் அணியை நடத்தும் பொறுப்பு கம்பனெல்லாவிடம் வந்தது. அவர் அதை வென்றும் காட்டினார். ஆனால் முதல்நிலைப் போட்டிகளில் ஒரு கறுப்பினத்தவர், ஃபிராங்க் ராபின்சன், முழுநேர மேலாளராவதற்கு 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ராபின்சன் இரு லீகுகளிலும் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர். ஒரே ஒரு முறை மட்டை பிடித்த வெள்ளையருக்கு ஊர் ஊராக அணிகள் கொடுத்துக் கற்றுக்கொள்ளவிட்ட ஏற்பாடு, அவருடைய நிறத்தில் இல்லாதவர்களுக்கு அந்தப் பயிற்சிக்களத்தையே பெரும்பாலும் மூடிவைத்திருந்தது. இது ஆல்ஸ்டனின் பெருமையைக் குறைக்காது. கற்கும் காலத்தையும் தவறுசெய்யும் இடத்தையும் யாருக்குக் கொடுப்பது என்பதை யாரோ ஒருவர் தீர்மானித்தார், அவ்வளவுதான். இன்னும் சில ஆண்டுகளில் உங்களில் சிலர் அப்படித் தீர்மானிக்கும் நாற்காலியில் அமர்ந்திருப்பீர்கள். எதிரே நிற்பவரின் மதிப்பெண் பட்டியலைப் புரட்டும்போது, அவருக்குப் பழகிக்கொள்ள யாராவது ஓர் அணியைக் கொடுத்திருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள்.