துணியும் துணிவும்

(திருவண்ணாமலையில் நடைபெற்ற இலக்கிய வட்டத் திங்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



திருவண்ணாமலை என்று சொன்ன அளவிலே கேட்போர் மனம் வடதிசை நோக்கிச் செல்வது இயல்பு. ஆயினும் திருவில்லிபுத்தூரை அடுத்து, சீனிவாசப் பெருமாள் எழுந்தருளியுள்ள இச்சிறு குன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் இதன் படிகளில் ஏறாதார் இவ்வட்டாரத்தில் அரியர். இக்குன்றைச் சுற்றியுள்ள ஊர்களோ பஞ்சாலும் நூலாலும் வாழ்பவை. இராசபாளையத்தில் நூற்பாலைகள், அதனை அடுத்த சத்திரப்பட்டியில் காயத்திற்குக் கட்டும் துணி, திருவில்லிபுத்தூர்ப் பக்கம் கைத்தறிச் சேலைகள். துணியைத் தொட்ட மாத்திரத்தில் இழையின் வலிமை சொல்லக்கூடிய மக்கள் இங்கு உள்ளனர். அத்தகைய அவையில் துணியால் பறந்த ஊர்தியைப் பற்றிப் பேசுவது பொருந்தும்.

தமிழ் இலக்கியத்தில் அத்தகைய ஊர்தி ஒன்று உண்டு. சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தில், சச்சந்தன் தன் தேவி விசயைக்காக மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கிறான். திருத்தக்க தேவர் அதனை மந்திரத்தால் ஆனதாகக் கூறவில்லை. துணித் துண்டுகள், பசை, நூல், அரக்கு, மெழுகு என்று தச்சன் கையாண்ட பொருள்களை அடுக்கிக் கூறி, ஏழு நாளில் பணி முடிந்தது என்றும் சொல்கிறார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேனாட்டார் வானூர்தி செய்த முறையும் ஏறத்தாழ இதுவே. மரச் சட்டத்தின்மேல் துணி போர்த்தி, நூலால் தைத்து, அரக்குப் போன்றதொரு பூச்சைப் பல முறை பூசுவர். பூச்சு உலரும்போது துணி சுருங்கி, பறைத்தோல் போல் விறைத்து நிற்கும். பொறியை இயக்கப் பழகியவள் அரசியே என்பது சிந்தாமணியின் சிறப்பு.

இனி, மெய்யாகவே வானில் ஏறிய ஒரு பெண்ணின் வரலாற்றுக்கு வருவோம். ஏமி ஜான்சன் 1903ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹல் நகரில் மீன் வணிகர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, இலண்டனில் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் பணியாற்றினார். ஓய்வு நேரத்தில் பறக்கக் கற்ற அவர் 1929 சூலையில் ஓட்டுநர் உரிமம் பெற்றார். அத்துடன் அவர் அமையவில்லை. கொட்டகைக்குள் புகுந்து, எண்ணெய்க் கறை படிந்த உடையுடன் பொறியைப் பிரிக்கவும் பூட்டவும் பயின்று, அவ்வாண்டு திசம்பரில் வானூர்திப் பொறி பழுதுபார்க்கும் உரிமத்தையும் பெற்றார். அந்நாட்டுப் பெண்களில் அதனை முதலில் பெற்றவர் அவரே.

ஆத்திரேலியா வரை தனியே பறப்பது என்று முடிவு செய்தபோது அவரிடம் ஊர்தியும் இல்லை, பொருளும் இல்லை. பலருக்கும் மடல் எழுதினார், பலரும் மறுத்தனர். இறுதியில் எண்ணெய் வணிகரான வேக்ஃபீல்டு பிரபுவும் அவருடைய தந்தையும் விலையைப் பகிர்ந்து ஏற்றனர். வாங்கியது 1928இல் செய்யப்பட்டு, வேறொருவர் பறந்து பழகிய ‘ஜிப்சி மாத்’ என்னும் சிறு வானூர்தி. விலை 600 பவுன். அக்காலப் பரிமாற்ற முறையில் 8,000 ரூபாய். நான்கு உருளைகள் கொண்ட பொறி; ஏறத்தாழ 100 குதிரைத் திறன். உடற்பகுதி மரத்தால் ஆனது. இறக்கைகளோ மரச் சட்டத்தின்மேல் போர்த்திய துணி. தந்தையின் வணிகச் சின்னத்தின் பெயரான ‘ஜேசன்’ என்பதையே அதற்குச் சூட்டினார்.

வள்ளுவர் தெரிந்து செயல்வகை என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஒரு செயலில் இறங்குமுன் அழிவதையும் ஆவதையும் பின் வரும் ஊதியத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது அதன் தொடக்கம். பழைய துணி ஊர்தியை வாங்கலாமா, வேண்டாமா என்று தயங்கி நிற்பவர்க்கும் இதுவே அளவுகோல்.

முதலாவது, எது அழியும்? துணி வெயிலில் நைந்து போகும். இதனை அளந்தறிய முறை உண்டு. உயர்தரப் பருத்தித் துணி புதிதாக இருக்கும்போது ஓரங்குல அகலத்திற்கு 80 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 36 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். நாள்பட்டு அது 56 பவுண்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்தத் துணியோடு பறத்தல் ஆகாது; உரித்தெறிந்து புதிதாகப் போர்த்த வேண்டும். பூச்சு பளபளப்பாக இருப்பதைக் கண்டு ஏமாறுதல் எளிது. பூச்சின் அடியில் இழை செத்திருக்கலாம். நெசவாளர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கஞ்சியின் விறைப்பு நூலின் வலிமை ஆகாது என்பதை அவர்கள் நன்கு அறிவர்.

துணி போர்வை மட்டுமே. உள்ளே மரச் சட்டம் ஈரத்தில் உளுத்திருக்கலாம். பழங்காலப் பசை விட்டிருக்கலாம். இரும்புக் குழாயாயின் நீர் தங்கும் அடிப்பகுதியில் துரு அரித்திருக்கலாம். துணியை உரித்த பின்னரே இவை முழுவதும் வெளிப்படும். அப்போது வாங்கிய விலையினும் பழுதுபார்க்கும் செலவு மிகுவது உண்டு. மலிவு என்று எண்ணி வாங்கியவர் இறக்கையற்ற கூட்டைக் கொட்டகையில் வைத்துக்கொண்டு ஆண்டுகளைக் கழிப்பதும் உண்டு. ஆகவே ஊர்தியின் ஏடுகளைப் புரட்டி, எத்தனை மணி நேரம் பறந்தது, எப்போது துணி மாற்றப்பட்டது, எங்கே விழுந்தது என்று கேட்டறிதல் வேண்டும். பெண் கொடுக்குமுன் நான்கு வீடு விசாரிக்கும் ஊரில் இதனை மிகை என்பார் இரார்.

இரண்டாவது வினா இதனினும் முதன்மையானது: பழுது வந்தால் யார் பார்ப்பார்? ஏமியின் முடிவு சரியாக அமைந்ததற்குக் காரணம் அவருடைய ஊர்தியின் மலிவு அன்று. திசம்பரில் பெற்ற அந்த இரண்டாம் உரிமமே ஆகும்.

1930 மே 5ஆம் நாள் குராய்டனிலிருந்து அவர் புறப்பட்டார். ஆறாம் நாள் கராச்சியை அடைந்தார். அதுவரையில் முந்தைய சாதனையாளரை விடவும் இரண்டு நாள் முன்னே நின்றார். பின்னர் எரிபொருள் குறைந்து ஜான்சியில் படை அணிவகுக்கும் திடலில் இறங்கியபோது இறக்கை சேதமுற்றது. அங்கேயே அதனைச் செப்பனிட்டுக்கொண்டு கல்கத்தா சென்றார். இரங்கூனை நெருங்கியபோது கடுமழை. இன்சீன் என்னும் இடத்தில் தொழிற்கல்விக் கூடத்தின் விளையாட்டுத் திடலில் இறங்கிய ஊர்தி, ஓடிச் சென்று பள்ளத்தில் விழுந்தது. விசிறி முறிந்தது, இறக்கைத் துணி கிழிந்தது.

அந்த இடத்தில் வானூர்தித் துணிக்கு எங்கே போவது? முதல் உலகப் போரில் எஞ்சிய வானூர்தித் துணியிலே தைத்த சட்டைகள் அவ்வூரில் இருந்தன. அவற்றைக் கிழித்து, தைத்து, இறக்கையில் ஒட்டினர். கல்விக் கூடத்தாரும் மாணவரும் கைகொடுக்க, உடன் கட்டிக்கொண்டு வந்த மாற்று விசிறியைப் பூட்டி, மூன்று நாளில் ஜேசன் மீண்டும் எழுந்தது. மனிதர் உடுத்த துணி இறக்கையான அந்த நிகழ்ச்சி கற்பனை அன்று, வரலாறு. சாதனை கைந்நழுவியது என்றாலும் மே 24ஆம் நாள் ஏமி ஆத்திரேலியாவின் டார்வினில் இறங்கினார். இங்கிலாந்திலிருந்து அங்குத் தனியே பறந்த முதற்பெண் அவரே. அந்த ஊர்தி இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இடம் பெற்றது.

இந்திய நாடும் துணி இறக்கையின் துணையோடு வானேறியதே. 1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஜே. ஆர். டி. டாட்டா ஓட்டிவந்த அஞ்சலை, நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அந்தப் ‘புஸ் மாத்’ ஊர்தியும் துணி போர்த்தியதே. 1936இல் சரளா துக்ரால் சேலை உடுத்து இலாகூரில் தனியே பறந்தது ‘ஜிப்சி மாத்’ ஊர்தியில். பெங்களூரில் செய்யப்பட்டு 1958இல் முதன்முதலாகப் பறந்த ‘புட்பக்’ ஊர்தியும் துணி போர்த்தியதே. பறக்கும் கழகங்களில் பல தலைமுறை மாணவர்க்கு அது பள்ளிக்கூடமாக விளங்கியது.

மூன்றாவது வினா, ஊதியம் யாது? விற்று வரும் பொருளை ஊதியமாகக் கருதுவோர் பழைய துணி ஊர்தியை வாங்காதிருப்பதே நன்று. உளுத்ததை உளுத்தது என்று கண்டு ‘வேண்டா’ என்று திரும்பி வருவதும் துணிவே. சொல்லப் போனால் அதற்கே மிகுந்த துணிவு வேண்டும். ஊர்தியின் ஒவ்வோர் ஆணியையும் தன் கையால் அறிய விரும்புவோர்க்கு மட்டுமே அது ஊதியம் தரும்.

ஏமியின் முடிவையும் மறைத்தல் ஆகாது. உலகப் போரின்போது வானூர்திகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு சேர்க்கும் பணியில் ஈடுபட்ட அவர், 1941 சனவரி 5ஆம் நாள் தேம்சு கழிமுகத்தில் மறைந்தார். திறமை எந்நாளும் உயிரைக் காக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆயினும் அறியாமை காக்கும் என்று கூறுதல் அதனினும் பொய்.

விசயை மயிற்பொறியை இயக்கக் கற்றாள். துயர் மிக்கு அவள் மயங்கியபோது பொறி சுடுகாட்டில் இறங்கியது. அதன்பின் அவளுக்கு அது பயன்படவில்லை. ஏமி இயக்கவும் கற்றார், செப்பனிடவும் கற்றார். பள்ளத்தில் விழுந்த பொறி மீண்டும் எழுந்தது. தமிழில் துணி என்பது ஆடைக்கும் பெயர். முடிவு செய் என்னும் ஏவலுக்கும் வினை. இவ்வூர்ப் பெண்கள் நூற்பாலையிலும் தறியிலும் முதற்பொருளை நாள்தோறும் கையாள்கிறார்கள். இரண்டாவதும் அவர்கள் கைக்கு எட்டியதே. அதற்கு முன்னே கருவியைப் பிரித்துப் பூட்டும் கல்வி அவர்களுக்கு வாய்க்க வேண்டும். அக்கல்விக்குத் தம் மகளிரை அனுப்பும் பெற்றோர் இவ்வவையில் பெருகுவாராக.