பக்கவாதம்: வகையும் காரணமும்

பக்கவாதம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன செயலற்ற கையும் காலுமே. ஆதலால் நோய் அங்கேதான் இருக்கிறதென்று எண்ணி, எண்ணெய் தேய்த்து நீவிவிட முற்படுகிறோம். நோயின் இருப்பிடமோ மூளை. மூளையின் வலப்பாகம் பழுதுற்றால் உடலின் இடப்புறம் தளர்கிறது. இடப்பாகம் பழுதுற்றால் வலப்புறம் தளர்வதோடு, பெரும்பாலோர்க்குப் பேச்சும் தடைப்படுகிறது. இந்நோயால் இறந்தோரின் மூளையைச் சோதித்து, உள்ளே இரத்தம் கசிந்திருத்தலைக் கண்டு 1658-இல் நூலாக வெளியிட்டவர் ஸ்விட்ஸர்லாந்து வைத்தியர் யோகான் வெப்பர்.

மூளையின் எடை உடலின் எடையில் நூற்றில் இரண்டு பங்கே. ஆயினும் நாம் ஏற்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அது செலவழிக்கிறது; நாளைக்கென்று சேமித்துவைக்கும் வழியும் அதற்கில்லை. எனவே, இரத்தம் தடைப்பட்ட சில நிமிஷங்களிலேயே அதன் நுண்ணறைகள் மடியத் தொடங்குகின்றன.

வயலுக்கு நீர் வராமைக்குக் காரணம் இரண்டு: வாய்க்கால் அடைபடலாம், அல்லது கரை உடையலாம். பக்கவாதமும் அவ்வாறே இரு வகைப்படும். பெரும்பாலானவை அடைப்பினால் வருபவை. இரத்தக் குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து, வழி குறுகி, அங்கே இரத்தம் உறைந்துவிடுகிறது. சிலருக்கு இதயம் ஒழுங்கின்றித் துடிப்பதால் அங்கே உண்டாகும் இரத்தக்கட்டி மூளைக்குச் சென்று அடைத்துக்கொள்கிறது. மற்றொன்று, குழாய் வெடித்து இரத்தம் பெருகுவது. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12-இல் மாண்டது இதனாலேயே. அவருக்கு நெடுநாளாக இரத்த அழுத்தம் மிகுந்திருந்தது. அதனை அடக்கத்தக்க நல்ல மருந்துகள் அக்காலத்தில் இல்லை. இன்று உள்ளன, உண்ணத்தான் பலர் மறந்துவிடுகின்றனர்.

இரு வகைக்கும் தலையாய காரணம் மிகுந்த இரத்த அழுத்தமே. புகையிலை, நீரிழிவு, மிகுந்த கொழுப்பு, மது, உடலுழைப்பின்மை ஆகியன அதற்குத் துணை நிற்கின்றன.

வெளித் தோற்றத்தில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும், சிகிச்சையோ வெவ்வேறு. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து முதல் வகைக்கு உயிர் காக்கும். இரண்டாம் வகைக்கு உயிரைப் போக்கும். ஆதலின், ஸ்கேன் எடுத்துப் பார்த்தபின்னரே வைத்தியர் அதைக் கொடுப்பர். நோய் கண்ட நேரத்திலிருந்து நாலரை மணிக்குள் கொடுப்பதே பொதுவிதி. அதற்குள்ளும் முந்தினவர்க்கே பயன் மிகுதி.

என்னுடன் பணியாற்றிய கணக்காசிரியர் ஒருவர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கையில் சுண்ணக்கட்டி கைநழுவி விழுந்தது. கை பத்து நிமிஷம் மரத்துப் பின் சரியாயிற்று. அயர்ச்சி என்றார்; யாவரும் நம்பினோம். நான்காம் நாள் அவர் வீழ்ந்தார். அதன்பின் அவரால் எழுத இயலவில்லை. வந்து மறைந்த அந்தப் பத்து நிமிஷம் ஓர் எச்சரிக்கை. வலி தீர்ந்ததென்று மகிழாமல் அன்றே வைத்தியரை நாடவேண்டும்.

வீட்டிலுள்ளோர் செய்யவேண்டிய சோதனை எளிது. சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒருபுறம் கோணுகிறதா? இரு கைகளையும் உயர்த்தச் சொல்லுங்கள். ஒரு கை தாழ்கிறதா? ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள், நாக்குக் குழறுகிறதா? ஒன்று காணினும் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, 108-ஐ அழைத்து, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள். தண்ணீரும் புகட்டவேண்டாம், விழுங்கும் ஆற்றல் குன்றியிருந்தால் அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

நோய் வந்தபின் வாழ்வு முடிந்தது என்பதும் தவறு. லூயி பாஸ்டர் 1868-இல், தமது நாற்பத்தைந்தாம் வயதில் பக்கவாதத்தால் இடப்புறம் தளர்ந்தார். வெறிநாய்க்கடிக்கு அவர் கண்ட தடுப்பு மருந்து ஒரு சிறுவனைக் காத்தது 1885-இல். ஆகவே, பயிற்சியைக் கைவிடாதீர்கள். அதற்கும் முன்பாக, இரத்த அழுத்தத்தை அளந்து பாருங்கள்.