மூங்கில் கூடையில் ஆவிச் சமையல்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கிக் கவுன்டரில் காலம் கழித்தவனுக்குச் சமையலில் என்ன வேலை என்று நினைப்பீர்கள். பணி ஓய்வுக்குப் பிறகு எங்கள் வீட்டில் காலை டிபன் என் பொறுப்பு. நம் குடியிருப்பில் பல வீடுகளில் இப்போது இரண்டே பேர்தான். எண்ணெயைக் குறைக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டும் இருக்கும். அவர்களுக்காகவே இந்தப் பேச்சு.

மூங்கில் ஸ்டீமர் சீனாவிலிருந்து வந்தது. குவாங்டாங், ஹாங்காங் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் 'டிம் சம்' என்னும் சிறு பலகாரங்களை இந்தக் கூடையோடுதான் மேசைக்குக் கொண்டுவருவார்கள். ஷாங்காயின் 'சியாவ்லோங்பாவ்' என்ற பலகாரத்துக்குப் பெயரே 'சின்னக் கூடை பாவ்' என்பதுதான்.

இட்லிப் பானை இருக்கும்போது இது எதற்கு? பாத்திர மூடியில் ஆவி பட்டுத் தண்ணீராகிப் பலகாரத்தின் மேல் சொட்டும். பின்னிய மூங்கில் மூடி அந்த ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சி, கொஞ்சம் வெளியே விட்டுவிடும். அதனால் கொழுக்கட்டை பிசுபிசுக்காது, இடியாப்பம் நசநசக்காது.

இனி செய்முறை. கூடையைவிட இரண்டு அங்குலம் அகலமான வாணலி வேண்டும். புதுக் கூடையைத் தண்ணீரில் நனைத்து, வெறுமனே பதினைந்து நிமிடம் ஆவியில் வையுங்கள். பச்சை மூங்கில் வாடை போய்விடும். கூடையின் அடி விளிம்பு தண்ணீரில் சற்று நனையலாம், அப்போதுதான் கருகாது. ஆனால் தண்ணீர் தட்டைத் தொடக் கூடாது. தட்டில் வாழையிலையோ முட்டைக்கோஸ் இலையோ விரியுங்கள். முழுவதும் அடைத்துவிடாமல் ஓரத்தில் ஆவி ஏற இடம் விடுங்கள்.

இடியாப்பம், கொழுக்கட்டைக்குப் பத்து நிமிடம். மெல்லிய மீன் துண்டுக்கும் ஏறக்குறைய அதே நேரம். இரண்டு அடுக்கு வைத்தால் மீன் கீழே, காய்கறி மேலே. மாற்றி வைத்தால் மீன் தண்ணீர் காய்கறியில் வடியும்.

இப்போது முக்கியமான விஷயம். தண்ணீர் வற்றினால் மூங்கில் தீப்பிடிக்கும். ஃபோன் வந்தது, காலிங் பெல் அடித்தது என்று அடுப்பை மறப்பது நம் வயதில் சகஜம். அடுக்குமாடியில் ஒரு வீட்டுப் புகை அந்த வீட்டோடு நிற்காது. இதற்கு ஒரு ரூபாய் போதும்! நாணயத்தைக் கழுவி வாணலித் தண்ணீரில் போடுங்கள். கொதிக்கும்வரை கடகடவென்று சத்தம் கேட்கும். சத்தம் நின்றால் தண்ணீர் தீர்ந்தது என்று அர்த்தம். உடனே அடுப்பை அணையுங்கள். நடுவில் சேர்ப்பதென்றால் கொதிக்கும் தண்ணீரையே ஊற்றுங்கள். காது மந்தமானவர்கள் நாணயத்தை நம்பாமல், அடுப்பின் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

மூடியை முகத்துக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்துத் திறங்கள். ஒரு கிராம் ஆவி தண்ணீராக மாறும்போது சுமார் 540 கலோரி வெப்பத்தைத் தோலில் இறக்கும். அதே ஒரு கிராம் கொதிநீர் உடல் சூட்டுக்கு இறங்கும்போது தருவது 63 கலோரிதான். ஆவிக் கொப்புளம் ஏன் அவ்வளவு மோசம் என்று கணக்கே சொல்லிவிடுகிறது.

கடைசியாகப் பராமரிப்பு. சோப்பு போடாதீர்கள், மூங்கில் அதைக் குடித்து அடுத்த பலகாரத்தில் காட்டும். வெந்நீரும் பிரஷ்ஷும் போதும். அடுக்குகளைப் பிரித்துப் பால்கனியில் நன்றாக உலர்த்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தோடு அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டவே வேண்டாம். பூஞ்சை உள்ளே இறங்கிவிட்டால் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். கூடையின் விலையைவிட வைத்தியச் செலவு அதிகம்.

இந்த வாரம் ஒரு நாள் எண்ணெய்ப் பலகாரத்துக்குப் பதில் ஆவிப் பலகாரம் செய்து பாருங்கள். கூடை இல்லாதவர்கள் இட்லிப் பானையிலேயே தொடங்கலாம். நாணயத்தை மட்டும் மறக்க வேண்டாம்.