மாதவியின் எஞ்சிய ஆண்டுகள்

அவையோர் அறிந்த கதைதான். கோவலன் மாண்ட செய்தி புகாரை எட்டியதும் மாதவி அறவண அடிகளை அடைந்து துறவு பூண்டாள். மகளையும் அவ்வழியே நிறுத்தினாள். தான் பெற்ற பெண்ணைக் கண்ணகியின் மகளென்றே கூறினாள். அவளுடைய தாய் சித்திராபதியோ பழைய கணிகை வாழ்வுக்கே அழைத்தாள். இவ்விரண்டையன்றி மூன்றாவது வழியொன்று, ஒருவன் அன்போடு வந்து 'உன் மகள் எனக்கும் மகள்' என்று சொல்லும் வழி, சாத்தனார் காப்பியத்தில் இல்லை. அது காலத்தின் எல்லை. புலவரைக் குறை கூறுதல் தகாது.

1856ஆம் ஆண்டின் விதவை மறுமணச் சட்டம் அவ்வழியைத் திறந்தது. ஆயினும் அதன் மூன்றாம் பிரிவைப் படிப்போர் திடுக்கிடுவர். தாய் மறுமணம் செய்துகொண்டால், குழந்தைகளுக்கு வேறு காப்பாளரை நியமிக்குமாறு இறந்த கணவனின் உறவினர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். மணமா, மகவா என்று கேட்ட சட்டம்! 1983இல்தான் அது ஏட்டிலிருந்து நீக்கப்பெற்றது.

அச்சம் நீங்கவில்லை. 1990இல் வந்த 'கேளடி கண்மணி' படத்தில், மனைவியை இழந்த தந்தையின் காதலைத் தடுத்த மகளே பின்னர் அவரைச் சேர்த்துவைக்க முனைகிறாள். தந்தைக்கு அது வாய்த்தது. நாற்பதைக் கடந்த தாயோ, உடன் பணிபுரியும் ஒருவரோடு பேசிச் சிரித்த சிரிப்பை வீட்டு வாயிலிலேயே துடைத்துக்கொள்கிறாள். உள்ளே பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் இருக்கிறான். அவன் ஒருநாள் புத்தகத்திலிருந்து தலை நிமிராமலே, "அம்மா, அவரை வீட்டுக்குக் கூப்பிடேன்" என்கிறான். உலையில் அரிசியிட மறந்து நிற்கிறாள் அவள்.